குளிர்ந்த குட்டி செத்த குட்டி அல்ல

மைசூரில் தேவராஜ மொஹல்லா என்று ஒரு பகுதி இருக்கிறது. பெரிய மார்க்கெட் இருப்பது அங்கேதான். தேவராஜா மார்க்கெட் என்றால் மைசூரில் தெரியாதவர் இல்லை. பூ, பழம், வெற்றிலை, குங்குமம், காய்கறி எல்லாம் அங்கே கிடைக்கும். பக்கத்தில் ஒரு மணிக்கூண்டு. கன்னடத்தில் அதைச் 'சிக்க கடியாரா' என்பார்கள். சின்ன மணிக்கூண்டு என்று அர்த்தம். சுற்றிலும் நெருக்கமான தெருக்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்.

இப்படிப்பட்ட இடத்தில் மாடு வளர்க்க முடியுமா? ஆடு கட்டத்தான் இடம் உண்டா? ஆனால் முயல் வளர்க்கலாம். மொட்டை மாடியில் ஒரு மூலை போதும். மேலே தகரமோ ஓலையோ போட்ட நிழல் வேண்டும். கம்பி வலைக் கூண்டு வேண்டும். தீவனத்துக்கும் அதிகம் அலைய வேண்டியதில்லை. மார்க்கெட்டில் கழித்துப் போடும் கேரட் தழை, முள்ளங்கி இலை எல்லாம் முயல் தின்னும். கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்திக் கொடுக்க வேண்டும். முட்டைகோஸ் இலையைக் கூடை கூடையாகப் போடாதீர்கள். வயிறு உப்பிவிடும். இலையோடு உலர்ந்த புல்லும் கொஞ்சம் அடர்தீவனமும் வேண்டும்.

முயல் வளர்ப்பில் நஷ்டம் எங்கே வருகிறது? குட்டி போட்ட முதல் வாரத்தில்தான். அதிலும் முதல் இரண்டு மூன்று நாள்தான் கண்டம். ராத்திரி எட்டுக் குட்டி போட்டிருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு மூன்று குட்டிகள் கூண்டுத் தரையில் கிடக்கும். தொட்டால் சில்லென்று இருக்கும். அசைவு இருக்காது. செத்துவிட்டது என்று நினைத்துப் பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

அப்படிப் போட்டவற்றில் சில செத்திருக்காது. குளிரில் விறைத்துப் போயிருக்கும், அவ்வளவுதான். எட்டில் மூன்றை எறிந்தால் அந்த ஈற்றில் பாதி லாபம் போய்விடும். அதைவிட, உயிரோடு இருப்பதைக் குப்பையில் போடுவது பாவம் அல்லவா?

குட்டி ஏன் இவ்வளவு சீக்கிரம் குளிர்கிறது?

முயல் குட்டி பிறக்கும்போது உடம்பில் முடி இருக்காது. கண் மூடியிருக்கும். காதும் கேட்காது. எடை சுமார் 50 கிராம். ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடம் வெந்நீர் ஆற எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டம்ளர் வெந்நீர் ஆற எவ்வளவு நேரம் ஆகும்? டம்ளர்தான் முதலில் ஆறும். சின்ன உடம்பும் அப்படித்தான். சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். அதற்கு மேல் முடியும் இல்லை.

நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கும். அந்த நடுக்கத்தில் கொஞ்சம் சூடு பிறக்கும். பிறந்த முயல் குட்டி அப்படி நடுங்குவதில்லை. அதன் பிடரியிலும் தோள்களுக்கு நடுவிலும் ஒரு தனி வகைக் கொழுப்பு இருக்கிறது. பழுப்புக் கொழுப்பு என்று பெயர். குளிர் பட்டால் அந்தக் கொழுப்பு எரிந்து சூடு தரும். அடுப்புக்கு விறகு போல என்று சொல்லலாம். 1964-இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் டாக்கின்ஸ், ஹல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பிறந்த முயல் குட்டிகளை வைத்துத்தான் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். மனிதக் குழந்தைக்கும் பிறக்கும்போது இதே பழுப்புக் கொழுப்பு உண்டு.

விறகு கொஞ்சம்தான் இருக்கிறது. பால் குடித்தால்தான் மறுபடி விறகு சேரும். பால் கிடைக்காத குட்டிக்கு அது தீர்ந்துபோகும். பிறகு உடம்பு குளிரும். குளிர்ந்த குட்டியால் பால் தேடி நகர முடியாது. பால் இல்லாமல் மேலும் குளிரும். குட்டி சாவது இப்படித்தான். பசியும் குளிரும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வருகின்றன.

தாய் ஏன் தூக்கி உள்ளே வைப்பதில்லை?

பூனையைப் பார்த்திருப்பீர்கள். குட்டியைக் கழுத்தில் கவ்வி இடம் மாற்றும். நாயும் செய்யும். முயல் அப்படிச் செய்வதில்லை. வெளியே விழுந்த குட்டி பக்கத்திலேயே கிடந்து செத்தாலும் தாய் முயல் அதைத் தூக்காது. இதைப் பார்த்துச் சிலர் 'கல் நெஞ்சு' என்று திட்டுவார்கள். அது கல் நெஞ்சு இல்லை. அதன் பிறவிக் குணம் அது.

வீட்டு முயலின் மூதாதை ஐரோப்பாவில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் முயல். அது வளைக்குள் புல்லைப் பரப்பும். தன் மார்பு முடியைப் பிடுங்கி மெத்தை போடும். அதில் குட்டி போட்டு, வாயிலை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு முறைதான் வந்து பால் கொடுக்கும். சில முயல்கள் இரண்டு முறை கொடுக்கும். அதுவும் மூன்று நான்கு நிமிடம்தான். தாய் அடிக்கடி வந்து போனால் நரி மோப்பம் பிடித்துவிடும். அதனால் தள்ளியே இருக்கும். மூடிய வளையில் குட்டி வெளியே விழ வழி இல்லை. எனவே தூக்கி உள்ளே வைக்கும் பழக்கமும் அதற்கு வரவில்லை.

நாம் அந்த முயலைக் கூண்டில் வைத்திருக்கிறோம். பால் கொடுத்துவிட்டுத் தாய் பெட்டியைவிட்டுக் குதிக்கும். காம்பை விடாமல் பிடித்திருக்கும் குட்டி அதோடு சேர்ந்து வெளியே வந்து விழும். பெட்டிக்கு வெளியே கம்பித் தரை. கீழிருந்து காற்று. உள்ளே போக அதற்கு வழி தெரியாது. அதைத் தூக்கி வைக்க வேண்டியது நாம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வயல்களிலும் புதர்களிலும் ஓடும் காட்டு முயல் வேறு இனம். அதன் குட்டி பிறக்கும்போதே முடியோடு, கண் திறந்து பிறக்கும். புல்லில் தனியாகப் பதுங்கி இருக்கும். 'பாவம், தாய் விட்டுவிட்டது' என்று அதை வீட்டுக்குத் தூக்கி வரக் கூடாது. தாய் இருட்டியதும் வரும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

முதலில் சூடு, பிறகு பால்

இரண்டு பெண்கள் பேசிக்கொள்வதைக் கேளுங்கள்.

"அக்கா, மூணு குட்டி செத்துப் போச்சு. தூக்கிப் போட்டுடட்டுமா?"

"இரு இரு. சூடு காட்டிப் பாத்தியா?"

"இல்லக்கா. ஐஸ் மாதிரி இருக்கு. உயிர் இருக்கிற மாதிரியே தெரியலை."

"சில்லுனு இருக்கும்போது அதை யாராலும் சொல்ல முடியாது. முதல்ல கையில எடு. சூடு ஏறட்டும். அதுக்கப்புறமும் அசையலைன்னா அப்போ போடலாம்."

"வாயில ரெண்டு சொட்டுப் பால் விடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம். பால் இப்போ விடாதே."

அந்த அக்கா சொன்னது சரி. பால் ஏன் கூடாது? குளிர்ந்த குட்டியால் விழுங்க முடியாது. வாயில் விட்ட பால் மூச்சுக் குழலில் போய்விடும். குளிரால் சாகாத குட்டி பாலால் சாகும். உள்ளே போனாலும் குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது. சர்க்கரைத் தண்ணீர், தேன், பிராந்தி எதையும் விடக் கூடாது. முதலில் சூடு. உடம்பு சூடாகி, குட்டி தானாக அசைந்த பிறகுதான் பால்.

சூடு எப்படிக் காட்டுவது? குட்டி உலர்ந்து இருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஈரமாக இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். லேசாகத் தடவிக் கொடுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். தோல் காகிதம் போல் இருக்கும். கை வேலை இருந்தால் குட்டியைத் துணியில் சுற்றி ரவிக்கைக்குள்ளோ சட்டைக்குள்ளோ, உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளலாம். மூக்கு மட்டும் வெளியே இருக்க வேண்டும். நம் உடம்புச் சூட்டைவிட நல்ல மருந்து இதற்கு இல்லை. இந்தச் சூடு அளவோடு இருக்கும். தோலைச் சுடாது. கரண்டு போனாலும் நிற்காது.

இது குழந்தைகளுக்கும் செய்வதுதான். 1978-இல் கொலம்பியா நாட்டில் பொகோட்டா நகர மருத்துவமனையில் எட்கர் ரே என்ற டாக்டர் ஒரு முறையைத் தொடங்கினார். அங்கே குழந்தைகளைச் சூடாக வைக்கும் கருவிகள் போதவில்லை. எடை குறைவாகப் பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோல் ஒட்ட வைத்துக் கட்டச் சொன்னார். கங்காரு முறை என்று அதற்குப் பெயர் வந்தது. இன்று நம் நாட்டு மருத்துவமனைகளிலும் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

குட்டி முழுவதும் விறைத்துப் போயிருந்தால் வெந்நீர் வைத்தியம் செய்யலாம். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுங்கள். முயலின் உடம்புச் சூடு நம்முடையதைவிட ஒன்றிரண்டு டிகிரி அதிகம். 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை சூடு இருந்தால் சரி. வீட்டில் தெர்மாமீட்டர் இல்லையா? முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும். சுடக் கூடாது. பாட்டிமார் பச்சைக் குழந்தைக்கு ஊற்றுவார்களே, அந்தச் சூடு இதற்கு ஆகாது. குட்டியின் தலையை விரல்களால் தாங்கிப் பிடித்து, கழுத்துக்குக் கீழே மட்டும் தண்ணீரில் வையுங்கள். தண்ணீர் ஆறினால் வேறு தண்ணீர் மாற்றுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் கால் உதறும். வாயைத் திறந்து மூடும். உடனே எடுத்து நன்றாகத் துடையுங்கள். ஈரத்தோடு காற்றில் விட்டால் பட்ட பாடு வீண். நீலம் பாய்ந்த தோல் இளஞ்சிவப்பாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

மூன்று நான்கு குட்டிகள் இருந்தால் ஒரு அட்டைப் பெட்டி எடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி இறுக்கி மூடுங்கள். பழைய துணியால் இரண்டு மூன்று சுற்று சுற்றிப் பெட்டிக்குள் ஒரு பக்கமாக வையுங்கள். குட்டிகளை அதன் பக்கத்தில் விட்டு, மேலே துணியால் லேசாக மூடுங்கள். மறு பக்கம் காலியாக இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி அந்தப் பக்கம் நகர்ந்து போகும். குண்டு பல்பு தொங்கவிடுவோர் பல்பைக் கிட்டத்தில் வைக்கக் கூடாது. பல்புக்கு அடியில் உங்கள் புறங்கையைக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் குட்டிக்கும் சுடும். அடுப்புத் திண்டில் வைப்பதும் வெயிலில் போடுவதும் வேண்டாம். ஒரு பக்கம் வெந்து மறு பக்கம் குளிர்ந்து கிடக்கும்.

எவ்வளவு நேரம் பார்ப்பது? அரை மணி முதல் ஒரு மணி நேரம் பாருங்கள். உடம்பு முழுவதும் நன்றாகச் சூடாகி, அதற்குப் பிறகும் அசைவே இல்லை, தோல் நிறம் மாறவில்லை என்றால் குட்டி செத்துவிட்டது. அப்போது புதைத்துவிடலாம்.

பிழைத்த குட்டியைத் தனியாக வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். கூடப் பிறந்த குட்டிகளின் நடுவில் கொண்டுபோய் விடுங்கள். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியலாகப் படுக்கும். வெளியே இருப்பது உள்ளே நுழையும். உள்ளே இருப்பது வெளியே வரும். அந்தக் குவியல்தான் அவற்றின் போர்வை.

'மனுஷன் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும்' என்று ஒரு பேச்சு உண்டு. வீட்டு முயல் விஷயத்தில் இதற்காகப் பயப்பட வேண்டாம். அதற்கு உங்கள் வாசனை பழக்கம்தான். கையை நன்றாகக் கழுவுங்கள். சோப்பு வாசனை போகக் கூண்டில் இருக்கும் வைக்கோலைக் கையில் தேய்த்துக்கொண்டு பிறகு குட்டியைத் தொடுங்கள். தாய் மிரளாமல் இருக்க அதற்குக் கொஞ்சம் தழை போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

பால் குடித்ததா என்று எப்படித் தெரியும்?

வயிற்றைப் பார்த்தால் தெரியும். பால் குடித்த குட்டியின் வயிறு சின்ன பலூன் போல் இருக்கும். தோல் மெல்லியது. அதனால் உள்ளே வெள்ளையாகப் பால் தெரியும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். பசித்த குட்டியின் வயிறு ஒட்டியிருக்கும். தோல் சுருக்கம் விழுந்து தொங்கும். தொட்டால் துள்ளித் துள்ளி வாயால் தேடும். தினமும் காலையில் ஒரு முறை எல்லாக் குட்டிகளின் வயிற்றையும் பாருங்கள். தாய் பெரும்பாலும் ராத்திரியிலோ விடியற்காலையிலோதான் பால் கொடுக்கும். பகல் முழுவதும் பெட்டிப் பக்கம் போகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

எல்லாக் குட்டிக்கும் வயிறு நிறைந்து, ஒன்றுக்கு மட்டும் ஒட்டியிருக்கிறதா? அது சோனிக் குட்டி. மற்றவை அதைத் தள்ளிவிடுகின்றன. தாயை மடியில் வைத்து, முகத்தைத் துணியால் லேசாக மூடி அமைதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் சோனிக் குட்டியைக் காம்பில் விட வேண்டும். முதல் ஐந்து நிமிடம் அதற்கு மட்டும். பிறகு மற்றவற்றை விடலாம். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் குட்டி தேறிவிடும். குட்டி ஒரு வாரத்தில் பிறந்த எடையைப் போல் இரண்டு மடங்கு ஆக வேண்டும். ஆகிறதா என்று மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம்.

எல்லாக் குட்டிக்கும் வயிறு ஒட்டியிருந்தால் தாயிடம்தான் ஏதோ கோளாறு. தாயின் காம்புகளைத் தொட்டுப் பாருங்கள். கட்டியாக, சூடாக, சிவந்து இருந்தால் மடி நோய். அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தாயைக் கொண்டுபோங்கள். மடி நோய் வந்த தாயின் குட்டியை வேறு தாயிடம் விடாதீர்கள். நோய் பரவும்.

தாய்க்குத் தண்ணீர் வைத்தீர்களா என்றும் பாருங்கள். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பல வீடுகளில் குறை இதுதான். 'இலையில்தான் ஈரம் இருக்கிறதே' என்று தண்ணீர் வைக்க மாட்டார்கள். தண்ணீர் இல்லாமல் பால் ஊறாது. குட்டி போட்ட அன்று தாய்க்குத் தாகம் மிக அதிகம். தாகத்திலும் பயத்திலும் குட்டியையே கடித்துத் தின்னும் முயல்களும் உண்டு.

வேறு தாயிடம் விடுவது

முயலுக்குக் காம்பு எட்டு இருக்கும். சிலவற்றுக்கு ஒன்பது, பத்து இருக்கும். பன்னிரண்டு குட்டி போட்டால் எல்லாவற்றுக்கும் பால் போதாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் இரண்டு பெண் முயல்களை ஒரே நாளில் ஆண் முயலோடு சேர்ப்பார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நாளில் குட்டி போடும். ஒன்று பன்னிரண்டு, இன்னொன்று நாலு போட்டால் எட்டு எட்டாகப் பிரித்துவிடலாம். ஒரு தாய் செத்துப் போனாலும் குட்டிகளுக்கு இன்னொரு மடி இருக்கும்.

இரண்டு ஈற்றுக்கும் மூன்று நாளுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பெரிய குட்டிகள் சின்னவற்றைத் தள்ளிவிடும். மாற்றும் குட்டியைப் புதிய தாயின் முடியில் லேசாகப் புரட்டி, அதன் குட்டிகளுக்கு நடுவில் வையுங்கள். தாயை ஒரு மணி நேரம் கழித்து உள்ளே விடுங்கள். அதற்குள் வாசனை ஒன்றாகிவிடும். முயல்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

வேறு தாயே இல்லை என்றால்? கையால் பால் கொடுக்கலாம். ஆனால் இது கடைசி வழி. முயல் பால் மிகவும் கெட்டி. பசும்பாலைவிட மூன்று மடங்கு போலப் புரதமும் கொழுப்பும் அதில் உண்டு. பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தால் குட்டி வயிறு நிறைந்தே பசியில் சாகும். பெரிய ஊர்களில் கால்நடை மருந்துக் கடைகளில் பூனைக்குட்டிக்கான பால் பவுடர் கிடைக்கும். அது நல்லது. கிடைக்காவிட்டால் ஆட்டுப்பால். பாலை உடம்புச் சூட்டுக்குக் காய்ச்சி ஆற்றிக்கொள்ளுங்கள். குட்டியை மல்லாத்தாதீர்கள். வயிறு கீழே இருக்க, தலை கொஞ்சம் நிமிர்ந்திருக்கப் பிடியுங்கள். சொட்டு மருந்துக் குழாயால் உதட்டில் ஒவ்வொரு சொட்டாக வையுங்கள். அது நக்கி விழுங்கட்டும். பீய்ச்சாதீர்கள். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்துங்கள். முதல் நாட்களில் ஒரு வேளைக்கு 2 மில்லி, 2½ மில்லி. ஒரு நாளைக்கு இரண்டு வேளை. பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம். பால் கொடுத்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றில் தடவிவிடுங்கள். அப்போதுதான் மூத்திரம் போகும். இவ்வளவு செய்தும் சில குட்டிகள் போய்விடும். அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

குளிர வைக்காத பெட்டி

மைசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் குளிர் தெரியாது. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள், தெரியும். ஜூன், ஜூலை மழைக் காற்றும் லேசானது அல்ல. இன்னும் குளிரான இடங்களிலும் முயல் வளர்க்கிறார்கள். மைசூரிலிருந்து கூடலூர் வழியாக ஊட்டிக்குப் பஸ்ஸில் போனால், பைக்காராவைத் தாண்டிச் சாண்டிநல்லா வரும். அங்கே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆட்டோடு முயலும் வளர்க்கிறார்கள். உயரம் 2,000 மீட்டருக்கு மேல். ஜனவரியில் புல்லின்மேல் உறைபனி விழும் இடம் அது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஆடும் முயலும் வளர்க்கிறது. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சிஞ்சில்லா போன்ற இனங்கள் அந்தக் குளிரிலும் குட்டி போட்டுப் பெருகுகின்றன. வெளியே எவ்வளவு குளிர் என்பதைவிட, குட்டி கிடக்கும் மெத்தைக்குள் எவ்வளவு சூடு என்பதுதான் கணக்கு. முடி முளைக்காத குட்டிக்கு மெத்தைக்குள் 30 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும்.

குட்டி போடும் பெட்டியை மரத்தில் செய்யுங்கள். தகரம் குளிரும். நீளம் 50 சென்டிமீட்டர், அகலம் 30, உயரம் 30 இருந்தால் போதும். முன் பக்கத்தை மட்டும் 15 சென்டிமீட்டர் உயரத்தில் விடுங்கள். தாய் தாண்டிப் போகும்போது காம்பில் தொங்கும் குட்டி அந்தத் தடுப்பில் இடித்து உள்ளேயே விழும். அடியில் மூத்திரம் வடியச் சின்ன ஓட்டைகள் போடுங்கள். நான்கு விரல் உயரத்துக்கு உலர்ந்த வைக்கோலோ புல்லோ பரப்புங்கள். நடுவில் கையால் குழி செய்யுங்கள். தாய் தன் முடியைப் பிடுங்கி அதில் போடும். முடி போதவில்லை என்றால் முன்பு மிச்சம் வந்த சுத்தமான முயல் முடியைப் போடலாம். பஞ்சும் நூல் துணியும் போடாதீர்கள். குட்டியின் காலில் சுற்றி இறுக்கிவிடும். நனைந்த வைக்கோலை அன்றே மாற்றுங்கள்.

கூண்டின் காற்றடிக்கும் பக்கத்தில் ராத்திரி கோணிச் சாக்கைத் தொங்கவிடுங்கள். எல்லாப் பக்கமும் மூடாதீர்கள். மூத்திர நெடியில் முயலுக்கு மூச்சு முட்டும். கூண்டின் சுவரில் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குச் சின்னக் கண்ணி வலை கட்டினால் குட்டி வெளியே நழுவி விழாது. கூண்டுக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய டப்பாக்களில் வையுங்கள். எறும்பு ஏறினால் ஒரு ராத்திரியில் ஒரு ஈற்றே போய்விடும்.

ஏப்ரல் மாதம் வேறு கதை. குட்டிகள் குவியலாகப் படுக்காமல் ஆளுக்கு ஒரு பக்கம் கிடந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். மேலே இருக்கும் முடியைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள்.

கூண்டில் தொங்கும் நோட்டு

குட்டி எந்த ராத்திரி வரும் என்று முன்பே தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும். முயலுக்குச் சினைக் காலம் 30 முதல் 32 நாள். ஆணோடு சேர்த்த தேதியை எழுதுங்கள். அதோடு 28 நாள் கூட்டுங்கள். அன்று பெட்டியை வைக்க வேண்டும். 31 நாள் கூட்டுங்கள். அன்று குட்டி வரும். ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம்.

ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

சேர்த்தது - டிசம்பர் 1
பெட்டி வைப்பது - டிசம்பர் 29
குட்டி வருவது - ஜனவரி 1
பிறந்த குட்டி - 8
வெளியே கிடந்தது - 3
சூடு காட்டிப் பிழைத்தது - 2

இரண்டு மூன்று ஈற்று எழுதினால் எந்த முயல் நல்ல தாய் என்று தெரிந்துவிடும். முதல் ஈற்றில் முயல் தடுமாறும். குட்டியைப் பெட்டிக்கு வெளியே போடும். அதை மன்னிக்கலாம். மூன்று ஈற்றிலும் அப்படியே செய்தால் அதை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

குட்டி வரும் நாளில் விடியற்காலையில் டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு முறை போய்ப் பாருங்கள். கூண்டின் மூலை முடுக்கு எல்லாம் பாருங்கள். கீழே விழுந்திருக்கிறதா என்று தரையிலும் பாருங்கள். ஆறு மணிக்குப் பார்த்தால் பிழைக்கும் குட்டி எட்டு மணிக்குப் பார்த்தால் பிழைக்காது.

நாலைந்து நாளில் மெல்லிய முடி முளைக்கும். ஒரு வாரத்தில் உடம்பெல்லாம் வெல்வெட் போல் ஆகிவிடும். அதற்குப் பிறகு குளிர்ப் பயம் குறையும். பத்து முதல் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும். பன்னிரண்டு நாள் ஆகியும் திறக்காமல் பீளை ஒட்டியிருந்தால், காய்ச்சி ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடையுங்கள். மூன்றாவது வாரத்தில் குட்டிகள் தாமாகவே பெட்டியைத் தாண்டி வெளியே வந்து தழை கடிக்கும். வந்த குட்டிக்கு இப்போது உள்ளே போகவும் வழி தெரியும். நாலு வாரம் ஆனதும் பெட்டியை எடுத்து, பழைய வைக்கோலைக் கொட்டி, கழுவி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். அடுத்த ஈற்றுக்கு அது வேண்டும்.